நான் வெட்டிய ஒரு விநாடி

1987 ஜனவரியில், எங்கள் வானிலை நிலையத்துக் கம்ப்யூட்டரில் ஒரு வரியை வெட்டினேன். ஒரே ஒரு வரி. அதனால் ஒரு மனுஷனுக்கு வரவேண்டிய நிரந்தர வேலை போகப் பார்த்தது.

கம்ப்யூட்டரின் உள்ளே எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது கெர்னல். கொடைக்கானல் கம்ப்யூட்டர் மதுரைக் கம்ப்யூட்டரோடு டெலிபோன் லைன் வழியாகப் பேசுவதும் அதன் பொறுப்புதான். எனக்கு முன்பு இருந்த மகானுபாவர், மதுரையிலிருந்து வரும் ஒவ்வொரு செய்திக்கும் பதில் அனுப்புமுன் அது ஒரு விநாடி சும்மா இருக்கும்படி எழுதியிருந்தார். ஏன் என்று விளக்கம் கிடையாது. சர்க்கார் கம்ப்யூட்டர்தானே, டீ குடித்துவிட்டு வரட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. தூக்கி எறிந்தேன். மதுரையில் இரண்டு கம்ப்யூட்டர்களை ஒரே மேசையில் வைத்து, கேபிள் போட்டுச் சோதித்தேன். பறந்தது. புது கெர்னலை டேப்பில் எடுத்துக்கொண்டு மலையேறினேன். சேலைக்குக் காலர் இருந்திருந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.

கொடைக்கானலில் அது படுத்துவிட்டது. மதுரை கேட்கும், நாங்கள் பதில் சொல்வோம், மதுரைக்குப் புரியாது, மறுபடி கேட்கும். மூன்று நாளாக உறைபனிக் கணக்கு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

"என்னம்மா கோளாறு?" என்றார் இயக்குநர் திருமலைச்சாமி.

"லைன் சார்," என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

லைன் கோளாறு என்றால் பழி மூக்கையா மேல். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். ஆறு வருஷமாக எங்களிடம் தினக்கூலி லைன்மேன். அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் அப்போது இயக்குநர் மேசையில் இருந்தது. "லைனையே பாக்கத் தெரியலை, இவனுக்கு எதுக்கு நிரந்தரம்?" என்றார் இயக்குநர். வெள்ளிக்கிழமை மதியம் 'தகுதியில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பப்போவதாகவும் சொன்னார்.

மூக்கையா கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்துவிட்டு, கிழிந்த சட்டையோடு வந்தார்.

"லைன் சுத்தமா கெடக்கு மேடம். ஒங்க பெட்டியத் தொறந்து பாருங்க."

"கெர்னல்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. லைனத் தெரியும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே போகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் மறுபடி வந்தார். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. கம்ப்யூட்டர் பேசும் அதே லைனில் போனை மாட்டி, மதுரையில் தொழிற்சங்கச் செயலாளர் நல்லசாமியைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே என்னைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தம்மாதாங்க." மௌனம். "படிச்சவுகதான்." மௌனம். "திமிருதாங்க, வேறென்ன."

எதிர்முனை பேசி முடித்ததும் ஒவ்வொரு முறையும் வாயை மூடி நின்று, பிறகுதான் பதில் சொன்னார். அவர் போனை வைத்ததும் கேட்டேன்:

"என்னத் திட்டுறதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?"

"யோசனையெல்லாம் இல்லைங்க. மலையில பாதித் தூரம் ரேடியோல்ல? அங்கிட்டுப் பேசி முடிச்சதும் இங்கிட்டுத் திரும்ப ஒரு செகண்டு ஆகும். வெரசா பேசுனா மொத வார்த்தைய முழுங்கிரும். இங்க போன் பேசுற எல்லாத்துக்கும் தெரியுமே."

எனக்குத் தெரியாது. நான் போனில் ஹலோ, ஹலோ, ஹலோ என்று கத்துகிறவள். முழுங்கியதெல்லாம் என் முதல் ஹலோவாக இருந்திருக்கும்.

அந்த ஒரு விநாடி டீ குடிக்க அல்ல, ரேடியோ திரும்புவதற்கு; நான் சோதித்த மேசைக் கேபிளில் ரேடியோ ஏது? வெட்டிய வரியை அதே இடத்தில் திரும்பச் சேர்த்து, கெர்னலை மறுபடி உருவாக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. பதினொன்றே முக்காலுக்கு மதுரை ஒரே தடவையில் பதிலைப் புரிந்துகொண்டது.

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "லைனைச் சரிபண்ணியாச்சுன்னு மதுரைக்குப் போட்ரும்மா. புது கெர்னலுக்காக அங்க உனக்கு நல்ல பேரு. எதுக்குக் கெடுத்துக்கற?"

நியாயமாகத்தான் பட்டது. வெட்கக்கேடு, ஆனால் பட்டது. ஒரு விநாடி சும்மா இருந்தேன். பிறகு தட்டச்சு செய்தேன்: 'கோளாறு லைனில் இல்லை. நான் வெட்டிய வரியில். மூன்று நாளாக லைன்மேன் மூக்கையா சொன்னதே சரி. சண்முகவள்ளி.' ஒரு எழுத்து விடாமல் போய்ச் சேர்ந்தது. இயக்குநர் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூக்கையாவின் ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மூக்கையா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"மேடம், சங்கத்துல குடுத்த புகார வாபஸ் வாங்கிரவா?"

"அதுல என்ன சொல்லியிருக்கீங்க?"

"திமிரு புடிச்சவுகன்னு."

"அது இருக்கட்டும்," என்றேன்.