அடிக்கு ஒரு இஞ்சு

நாப்பத்தொம்பதாம் வருஷம் எங்க ஹைஸ்கூலுக்கு ஒரு உத்தரவு வந்துச்சு. இனிமே கணக்கைத் தையலோட சேர்த்துத்தான் சொல்லிக் குடுக்கணுமாம். எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவன் என் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்க மாட்டான்.

நான் ஆக்னஸ், கணக்கு டீச்சர். தற்காலிக வேலைதான். இன்ஸ்பெக்டரம்மா வந்து நல்லபடியா எழுதினா நிரந்தரமாகும். இல்லன்னா குலசேகரன்பட்டினத்துல அண்ணன் வீட்டுக்குப் போயி, பொழுதெல்லாம் மதினி வாய்க்குக் காது குடுத்துக்கிட்டுக் கெடக்கணும்.

வந்த இன்ஸ்பெக்டரம்மா பேரு ஜீவமணி. ரேஷன் கூப்பன்ல வாங்கின நீலத் துணி ரெண்டு கஜத்தை மேஜைல வச்சாங்க.

"எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கட்டும். கணக்கு எப்படின்னு நாளைக்கு வந்து பார்க்கேன்."

அளவெடுக்க பிளாரன்ஸ், கணக்குப் போட இசபெல்லா, வெட்ட தேவமணின்னு நிறுத்தினேன். மூணும் கெட்டிக்காரிக. மூணு பேரு வீட்டுலயும் தோணிக்குப் பாய் தைக்கிறதுதான் தொழில். பெறகென்ன பயம்னு இருந்துட்டேன், புத்தி கெட்டவ.

மறுநாள் இன்ஸ்பெக்டரம்மா முன்னால ஜாக்கெட்டை விரிச்சாளுக. மாதாவே! அதுக்குள்ள அவங்களும் போகலாம், கூட நானும் போகலாம்.

"ஏளா பிளாரன்ஸ், மார் அளவு எவ்வளவு எடுத்தே?"

"முப்பத்தாறு இஞ்சு டீச்சர். நனைஞ்சா துணி சுருங்கும்லா? எங்கப்பா பாய்க்குக் கூட்டுத மாதிரி அடிக்கு ஒரு இஞ்சு கூட்டிக் குடுத்தேன்."

இசபெல்லா முழிச்சா. "நானும் கூட்டினேனே டீச்சர்."

தேவமணி கத்திரிக்கோலைப் பின்னால ஒளிச்சா. "நானுந்தான்."

அவளுக வீட்டுல அப்பா ஒருத்தரே அளந்து அவரே வெட்டுவாரு. கூட்டுறதும் ஒரு தடவதான். இங்க மூணு கை பட்டுட்டு.

"கெடுத்தீங்களே பாவிகளா!"ன்னு கத்திட்டேன். கண்ணு முன்னால மதினி மூஞ்சிதான் தெரிஞ்சுது.

இன்ஸ்பெக்டரம்மா சத்தம் போடல. சாக்பீஸை எடுத்து இசபெல்லாகிட்ட நீட்டினாங்க. "முப்பத்தாறு எவ்வளவு ஆச்சு? போட்டுக் காட்டு."

அவ மளமளன்னு எழுதினா. முப்பத்தொம்பது, நாப்பத்திரெண்டே கால், கடைசில நாப்பத்தஞ்சே முக்கால்.

"மூணு தடவையும் மூணு மூணு இஞ்சுதான கூடணும்? ஏன் கூடுதலா வருது?"

"ரெண்டாவது ஆளு, முதல் ஆளு கூட்டினதுக்கும் சேர்த்துல்லா கூட்டுதா!"

"சரி, நாலாவதா ஒருத்தி தொட்டிருந்தா?"

வகுப்பு மொத்தமும் விரலை மடக்குச்சு. "நாப்பத்தொம்பதரை!"ன்னு ஒரே கூச்சல். "அதுக்குத் துணி பத்தாது அம்மா!"ன்னு பின்பெஞ்சிலருந்து ஒருத்தி.

இன்ஸ்பெக்டரம்மா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பெறகு ஜாக்கெட்டை மடிச்சுப் பைல வச்சுட்டு, ரிப்போர்ட்டை எழுதி என் கைலயே குடுத்தாங்க.

"இவ்வகுப்பில் கணக்கு ஆசிரியையை நிரந்தரமாக வைக்கலாம். கத்திரிக்கோலை வைக்கக் கூடாது."

படிச்சதும் அந்தம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளைக பார்க்க, ஓன்னு அழுதுட்டேன்.