திரையில் ஒரு முதுகு

ரப்பர் தோட்டத்திலிருந்து சுங்கைப்பட்டாணி டவுனுக்குப் போகும், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் மருதம்மாளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. முன்னால் கொழுந்தன் பக்கிரிசாமியும் அவன் பெண்டாட்டி அழகம்மாவும் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். புருஷன் பக்கத்தில் இருக்கிறவள் சிரிக்காமல் என்ன செய்வாள்! மருதம்மாளின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிப் போய் ஒரு வருஷமாகிறது. உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல நாதியில்லை.

"சயாம்ல வேலை செய்யிற நம்மாளுங்களப் படம் புடிச்சு தியேட்டர்ல காட்டுறானாம் அண்ணி. அண்ணன் மூஞ்சி தெரிஞ்சாலும் தெரியும்லா," என்று பக்கிரிசாமி சொன்னதும் கல்யாணச் சேலையை எடுத்து உடுத்திவிட்டாள். படத்தில் இருக்கிறவர் இவளைப் பார்க்கப் போகிறாரா? பைத்தியக்காரி! தெரிந்தும் தலையில் பூ வைத்துக்கொண்டாள்.

பசாரில் சுற்றினார்கள், சீனி போடாத கோப்பி குடித்தார்கள். அழகம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்தபடி புருஷனோடு நடக்க, மருதம்மாள் ஒற்றையாய்ப் பின்னால் வந்தாள்.

தியேட்டர் முழுக்கப் பெண்கள், பல தோட்டத்துக்காரிகள். அத்தனை பேர் தலையிலும் பூ.

விளக்கு அணைந்தது. காடு வந்தது, தண்டவாளம் வந்தது. கட்டையைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் முதுகைக் காட்டி நடந்தான். அந்த வலது தோள் சரிவு! அவரேதான்!

"ஏங்க!" என்று எழுந்து கத்தினாள். "ஏங்க, இங்க பாருங்க!"

பின் வரிசையிலும் "ஏங்க!" பக்கத்திலும் "ஏங்க!" கொட்டகை முழுக்க அதே கூப்பாடு. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த பெண்கள். இருந்த ஒரே முதுகுக்கு அத்தனை பேரும் பெண்டாட்டி.

இத்தனை பேர் கூப்பிட்டால் தன் பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத பேர் வந்துவிட்டது.

"குழந்தைவேலு!"

கொட்டகை கப்பென்று அடங்கியது. அழகம்மா பதறி அவள் வாயைப் பொத்தினாள். "என்னக்கா இது, அடுக்குமா?"

முதுகு திரும்பவில்லை. அதற்குள் திரையில் கப்பல் வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் யாரோ ஒரு சின்னப் பெண், கண்ணெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "பாத்தீங்களாக்கா? கட்டை தூக்கிட்டுப் போனாரே, அது எங்க வீட்டுக்காரருதான். உசிரோட இருக்காரு!"

மருதம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா தாயி, ஒங்க வீட்டுக்காரருதான்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அந்தப் பேரை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.