மருந்து கேட்கும் உடம்பு

கோபுரக் கிரேனின் அடியில் நர்ஸ் கிரேன்காரரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தார்.

"பிரஷர் நூத்தி எழுபது. இன்னிக்கும் மேல ஏறக் கூடாதுண்ணே."

"எழுபதா? நல்லாப் பாத்தியாம்மா?"

"பரிசு விழுந்த மாதிரி கேக்குறீங்க!" என்று கீழே நின்று கை காட்டும் சிக்னல்காரன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "விளையாடாதீங்கண்ணே. இன்னிக்கு ஏறலன்னா உங்க இடத்துல புது ஆளுன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. டாக்டர் குடுத்த பிரஷர் மாத்திரையப் போடுறீங்களா இல்லியா?"

"போடுறேன்டா."

போடவில்லை. அட்டை சட்டைப்பையில் பிரிக்காமல் கிடந்தது.

புற்றுநோய்க்காக அவருடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகும் அது நுரையீரலில் தலைகாட்டியிருந்தது. அதற்கு வேறு மாத்திரை தொடங்கினார்கள். யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியுமாம். ஸ்கேனுக்கோ இன்னும் வெகுநாள் இருந்தது. தகரக் கொட்டகையில் ஒண்டியாகப் படுத்துக்கொண்டு, பூட்டிய வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் உண்டா என்று கேட்பவரைப் போலத் தன் உடம்புக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கையில் ஒருநாள் டாக்டர், அவர் தலைக்கு மேலாக மாணவர்களிடம் சொன்னார்: "பிரஷர் ஏறுறவங்களுக்குப் பெரும்பாலும் இந்த மருந்து நல்லாக் கேக்குது. இவருக்கு ஏறியிருக்கு பாருங்க." நோய் வந்த நாளிலிருந்து அவர் காதில் விழுந்த ஒரே நல்ல சேதி அது. ஆனால் கையோடு பிரஷரை இறக்கவும் ஒரு மாத்திரை எழுதினார். இறக்கினால் புற்றுநோய் மருந்தும் கேட்காமல் போய்விடுமா? கிரேன்காரர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது மேஸ்திரி வந்து கையை நீட்டினார். கிரேன்காரர் கேபின் சாவியைக் கொடுத்தார். புது ஆள் ஏணியில் விறுவிறுவென்று ஏறி, சிறுத்து, மறைந்துபோனான்.

அவர் வேலையிடத்து வாசலுக்கு வெளியே மணல்குவியலில் போய் உட்கார்ந்தார். மகள் போன் செய்தாள்.

"அப்பா, வேலையிலயா?"

"மேலதான்மா இருக்கேன்."

"சத்தமே காணோம்?"

"இங்க யாரு இருக்கா சத்தம் போட? காத்துதான்."

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

தலை விண்விண்ணென்று தெறித்தது. கழுத்து நரம்பில் விரலை வைத்துப் பார்த்தார். திம் திம்மென்று அடித்துக்கொண்டிருந்தது. முகம் மலர்ந்தது.

"மருந்து நல்லாக் கேக்குதும்மா" என்றார்.