விரல் தெரியணும்

என் அக்கா புருஷன் கீபோர்டு வாசிக்கும் அழகைப் பார்த்தால் சொக்கிப்போவீர்கள். கண்ணை மூடுவார், தலையைச் சாய்ப்பார், விரல்கள் மேலும் கீழும் ஓடும். காதில் விழுவது அவர் வாசிப்பல்ல என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

வாசிப்பது கறுப்புத் துணி போட்டு மூடிய சீக்வென்சர். பாட்டை முன்கூட்டியே அதில் ஏற்றிவிட்டால் போதும். எந்தக் கட்டை எப்போது ஒலிக்க வேண்டும் என்று மிடி வயர் வழியாகக் கீபோர்டுக்கு உத்தரவு போகும். சீக்வென்சரின் அவுட்புட்டில் பியானோவுக்கு ஒன்றாம் சேனல் வைத்தால் கீபோர்டிலும் அதே ஒன்று வைக்க வேண்டும். கடைசியாக, கீபோர்டில் 'லோக்கல்' என்பதை அணைக்க வேண்டும். அப்புறம் வயரில் வருவது மட்டும்தான் கேட்கும். விரலால் என்ன கூத்தடித்தாலும் சத்தம் வராது. மாமாவின் சங்கீத ஞானம் முழுவதும் அந்த ஒரு அணைப்பில் அடங்கியிருந்தது.

இதையெல்லாம் செய்து கொடுக்கும் புண்ணியவான் நான். ஒலி அமைப்பது என் தொழில். அக்காவிடம் இந்த வயர் விஷயத்தைச் சொல்லியும் பார்த்தேன்.

"உனக்குப் பொறாமைடா" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் அவளுக்காக வாசித்த ஒரு பாட்டில் விழுந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஒரு ஓட்டலில் தினமும் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தால், நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அவருடைய நிகழ்ச்சிகளைக் கவனிக்கப் போகிறேன் என்றாள் அக்கா. அந்த வீட்டில் அடுப்பெரிவதே அவள் சம்பளத்தில்தான்.

ஓட்டல் மேனேஜர் வாசிப்பைக் கேட்டுப்பார்க்க வரச் சொன்ன நாளில், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்தேன். மேனேஜரும் அக்காவும் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மாமாவுக்குத் திடீரென்று ஒரு குறை.

"கீபோர்டை இந்தப் பக்கம் திருப்புடா. விரல் தெரியணும்."

"கரண்ட் வயர் எட்டாது மாமா."

"கழட்டி மாட்டு. இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?"

நான் குனிவதற்குள் அவரே பிடுங்கினார், திருப்பினார், வேறு பிளக்கில் சொருகினார். நான் அவர் காதருகில் போனேன்.

"மாமா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா லோக்கலும் ஆன் ஆயிடும். ஒரு நிமிஷம் குடுங்க."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போய் மைக்கைப் பாரு." மேனேஜர் காதில் விழும்படி, "இவனுங்களை வச்சு வேலை வாங்குறதுக்குள்ள உயிர் போகுது சார்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நல்லது என்று மைக்கைப் பார்க்கப் போனேன்.

மாமா கண்ணை மூடி, சீக்வென்சரைத் தட்டிவிட்டார். இனிமையான ஒரு பாட்டு ஆரம்பித்தது. அதன் மேலேயே, அதே பியானோ ஒலியில், அவருடைய பத்து விரல்களும் இறங்கின. மூடிய கடையின் ஷட்டரைக் கைக்குழந்தை அடிப்பதுபோல் இருந்தது. பதறிப்போய்க் கையைத் தூக்கினார். அதுதான் இன்னும் மோசம். யாரும் தொடாமலே பாட்டு சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது.

மேனேஜர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சார், நீங்க கையை எடுத்தா நல்லா இருக்கு."

"மெஷின் கோளாறு! இவன்தான் எதையோ நோண்டிட்டான்!" என்று மாமா என்னைக் காட்டினார்.

அக்கா எழுந்து வந்தாள். "அந்த மிடி வயரைக் கழட்டுடா" என்றாள். கழற்றினேன். பாட்டு நின்றது. அவள் கணவரைப் பார்த்தாள்.

"இப்ப வாசிங்க."

மாமா கட்டைகளை வெறித்துப் பார்த்தார். "விரல் மரத்துப்போச்சு" என்றார்.

அக்கா என்னிடம் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடச் சொன்னாள். லீவு போட்ட நாள்தான். ஆனாலும் போக வேண்டும் என்றாள். காரில் மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ எனக்காக வாசிச்சாரே, அந்தப் பாட்டு?"

சாலையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அவரோட பழைய கீபோர்டுல டெமோன்னு ஒரு பட்டன் இருக்கும்க்கா. அமுக்கினா அதுவே ஒரு பாட்டு வாசிக்கும்."

அக்கா கைப்பையைத் திறந்து, ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.