பதினேழாவது ஆட்டம்

அந்த ஆண்டு டொலிடோ பைலட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் என் அளவுக்கு உழைத்தவன் யாரும் இல்லை. எங்கள் நிலைமையைச் சொல்ல அது ஒன்றே போதும். என் வேலை பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுப்பது. பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. நான்காவதும் வீணானால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும்; அதனால் முதல் மூன்றும் வீணாய்ப்போன பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். ஓடிப்போய், பந்தை எதிரணியின் கோட்டைப் பார்த்து எவ்வளவு தள்ளி உதைக்க முடியுமோ உதைத்துவிட்டு வந்து உட்காருவேன். நல்ல அணியில் இந்த வேலைக்காரன் ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு முறை எழுந்தால் அதிகம். எனக்கு அந்த ஆண்டு பெஞ்சு சூடாகவே இல்லை.

பதினாறு ஆட்டம் ஆடியிருந்தோம். பதினாறிலும் தோல்வி. எல்லா விதமாகவும் தோற்றோம். ஓர் ஆட்டத்தில் எங்கள் பந்தெறிபவன் ட்ரெவின் வீசிய பந்து நடுவரின் தலையில் பட்டுத் துள்ளி, எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. அவன் நின்று யோசித்துவிட்டுத்தான் ஓடினான். அப்படியும் அவனைப் பிடிக்க எங்களில் ஆள் இல்லை. அக்டோபரில் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கீழே இருந்த வெண்டெல் பிராட்நாக்ஸ் அந்த நாற்காலிக்கு வந்தார். அறுபது வயது, கனத்த குரல், எதற்கும் அசராத மனிதர். அவர் வந்த பிறகும் தோற்றோம். ஆனால் கொஞ்சம் கௌரவமாகத் தோற்றோம்.

ரசிகர்கள் மளிகைக் கடைக் காகிதப் பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். இந்த அணியைப் பார்க்க வந்தோம் என்று வெளியே தெரியக் கூடாதாம். அதில் ஒரு பை என் அம்மாவுடையது. லொரெய்ன் ஷிமான்ஸ்கி என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில் என்ன மறைப்பு வேண்டியிருக்கிறது? கேட்டால், "உனக்குக் கை தட்டுறப்ப கழட்டிருவேன்டா" என்பாள்.

மைதான வாசலில் ஹாட் டாக் விற்கும் லாஸ்லோ என்னைக் கண்டால் விடமாட்டான். "வாப்பா ஆர்லோ! கால் எப்படி இருக்கு? இந்த ஊர்லயே அதிகமா ஓவர்டைம் பாக்குற கால் அதுதான்."

"நல்லாத்தான் இருக்கு. உன் வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு குடு."

நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். என்னைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. நான் நன்றாகத்தான் உதைத்தேன்.

கடைசி ஆட்டம் சொந்த ஊரில், ஆக்ரன் அணியோடு. அதற்குள் ஊரின் ஆசையே தலைகீழாகிவிட்டது. கல்லூரியிலிருந்து புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கே முதல் உரிமை. அந்த ஆண்டு கோர்ட்லண்ட் பீஸ்லி என்றொரு பையன் இருந்தான். அறுபது கெஜம் எறிவான், ஊசியில் நூல் கோர்ப்பது போல எறிவான். நாங்கள் தோற்றால் அவன் எங்களுக்கு. ஜெயித்துவிட்டால் வேறோர் அணி கொண்டுபோய்விடும். வானொலி, சலூன், தேவாலய வாசல், எங்கும் ஒரே பேச்சுதான். தோற்றுவிடுங்கள்.

அம்மாவும் அதையே சொன்னாள். "ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதானேடா. பதினாறு தோத்தவனுக்குப் பதினேழாவது வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிக்கும்மா."

"அப்படியே உங்கப்பன் பிடிவாதம்" என்று உருளைக்கிழங்கை உரிக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பிராட்நாக்ஸ் எங்களை உடை மாற்றும் அறையில் உட்காரவைத்தார். "மேல இருந்து சொல்லியனுப்பியிருக்காங்க. டவிட்டாவுக்கு ஓய்வு குடுக்கணுமாம். ட்ரெவினுக்கும்தான். முழங்காலை ஜாக்கிரதையாப் பாத்துக்கணுமாம்."

டவிட்டா எங்கள் தலைவன். சமோவாக்காரன், நூற்றைம்பது கிலோ இருப்பான். எதிரணியில் பந்தெறிபவனை அமுக்குவதுதான் அவன் வேலை. அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "என் முழங்கால் மேல அவங்களுக்கு எப்பலேர்ந்து கோச் இவ்வளவு பாசம்?"

அறையே சிரித்தது. பிராட்நாக்ஸும் சிரித்தார்.

"இங்க பாருங்க பசங்களா. திங்கக்கிழமை காலையில எனக்கு வேலை போயிரும். ஜெயிச்சாலும் போகும், தோத்தாலும் போகும். அதனால இந்த ஞாயித்துக்கிழமை என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆடணும்னு நினைக்கிறவன் கையைத் தூக்கு."

எல்லாக் கையும் எழுந்தது. மாவுக்கட்டு போட்ட கை ஒன்றும் எழுந்தது.

"நீ உக்காருடா" என்றார்.

வெளியே வரும்போது டவிட்டா என் தோளில் கை போட்டான். "அந்தப் பையன் வந்தா கூடவே புதுக் கூட்டம் வரும். நம்மள்ல பாதிப்பேர் வீட்டுக்குப் போகணும். நம்ம இடத்துக்கு ஆள் பிடிக்க நாமளே தோக்கணுமாடா மச்சான்? நல்ல கூத்து!"

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து காற்றும் பனியும் சேர்ந்து வந்தன. மைதானத்தில் கோடுகளைத் தேடித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. நாங்கள் பத்து கெஜம் முன்னேறினால் எங்கள் ஊர்க்காரர்களே ஊளையிட்டார்கள். ட்ரெவின் விழுந்தால் கை தட்டினார்கள். அவன் எழுந்து பனியைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தான். அதற்கப்புறம் கொஞ்சம் பேர் ஊளையிடுவதை விட்டார்கள்.

பாதி ஆட்டம் முடியும்போது ஆக்ரன் மூன்று, நாங்கள் பூஜ்யம். இடைவேளைக்குப் பிறகு நாங்களும் ஒரு மூன்று எடுத்தோம். அப்போதுதான் அரங்கில் ஏதோ மாறியது. வருஷம் முழுக்கத் தோல்வியைத் தின்றவர்களுக்குச் சமநிலை என்பதே ஒரு வாசனை மாதிரி. பைகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. கடைசிக் கால் பகுதியில் ஊளையைக் காணோம்.

முடிய நான்கு நிமிடம் இருக்கையில் நடு மைதானத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். மூன்று முயற்சி போயிற்று. பத்து கெஜத்துக்கு இன்னும் ஒரே கெஜம்தான் பாக்கி. பிராட்நாக்ஸ் என்னைப் பார்த்தார்.

"என்னடா சொல்ற? அந்த ஒரு கெஜத்துக்கு முட்டிப் பாக்கலாமா, இல்ல உதைக்கிறியா?"

"உதைக்கிறேன் கோச். அவங்க வாசப்படியில வெச்சுட்டு வர்றேன்."

"இந்தக் காத்துல?"

"இந்தக் காத்துலதான்."

காற்று என் முதுகில் இருந்தது. பந்து கைக்கு வந்ததும் இரண்டு எட்டு வைத்து உயரமாக உதைத்தேன். காலில் பட்ட கணமே தெரிந்துவிட்டது. இறங்கி வந்து ஆக்ரனின் கடைசிக் கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் பனியில் செருகிக்கொண்டு, துள்ளாமல் அப்படியே நின்றது. எங்கள் ஆள் ஓடிப்போய் அதன்மேல் கை வைத்தான்.

இனி ஆக்ரன் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்களுடைய பந்தெறிபவன் எறிய இடம் தேடித் தன் கோட்டுக்குப் பின்னால் போனான். அங்கே விழுந்தால் எங்களுக்கு இரண்டு புள்ளி. டவிட்டா இரண்டு பேரைக் கதவு மாதிரித் தள்ளித் திறந்துகொண்டு போய் அவன்மேல் சாய்ந்தான். பந்தோடு அவனும் பனியில் புதைந்தான்.

ஐந்துக்கு மூன்று.

அவர்கள் விடவில்லை. கடைசி விநாடியில், உள்ளே போனால் மூன்று புள்ளி என்று கம்பங்களுக்கு நடுவே ஒரு பந்தை உதைத்தார்கள். அது பாதி வழியில் காற்றில் வளைந்து வெளியே போனது. அதற்குப் பிறகு எனக்குக் காது கேட்கவில்லை. அத்தனை சத்தம். பைகளைக் கிழித்து மேலே எறிந்தார்கள், பனியா காகிதமா என்று தெரியவில்லை. அம்மா தடுப்புக்கு மேலே குனிந்து என் ஹெல்மெட்டில் பட் பட்டென்று அடித்தாள். "உருப்படுவியாடா நீ? பீஸ்லி போச்சேடா!" சொல்லிக்கொண்டே என் கன்னத்தைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தாள்.

பீஸ்லி போனான்தான். மேற்கே ஓர் அணி கொண்டுபோனது. நன்றாகவே ஆடுகிறான். அவன் ஆட்டத்தை டிவியில் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் செய்வதில்லை.

திங்கட்கிழமை காலையில் பிராட்நாக்ஸுக்கு வேலை போனது. நானும் டவிட்டாவும் அவருடைய பெட்டிகளைக் காருக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். வாசலில் பத்திரிகைக்காரர்கள் மொய்த்தார்கள்.

"ஜெயிச்சதுக்கு வருத்தப்படுறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏம்மா, நான் செஞ்ச வேலைக்குப் பேரே ஜெயிக்கிறதுதானே?" என்றார். பிறகு டவிட்டாவிடம் திரும்பி, "அந்தப் பெட்டியைப் பாத்து வைடா, உள்ள காப்பி மெஷின் இருக்கு" என்றார்.

பின்கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். கார் ஆற்றுப் பாலத்தில் ஏறும்வரை நின்று பார்த்தோம்.

"பசிக்குதுடா" என்றான் டவிட்டா. சாப்பிடப் போனோம்.