வடக்கே பாறை

மலைக்கோட்டை அடிவாரத்தில் வீரம்மாள் வீட்டுக்குச் சுவர் மூன்றுதான். நாலாவது சுவர் மலை. அவள் அப்பன் பாறையோடு ஒட்டிக் கட்டி, அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போன வீடு.

அதை அடமானம் வைத்து ஒற்றை மாட்டு வண்டி வாங்க நினைத்தாள். மூட்டை சுமந்து சுமந்து புருஷன் தங்கையனுக்கு முழங்கால் போய்விட்டது. இனி வண்டி ஓடினால்தான் உலை கொதிக்கும். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து வீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். "மூணாவது ஆளு சிரிக்க மாட்டாரு பாரு" என்றாள் புருஷனிடம்.

நயா பைசா வந்த வருஷம், கத்திரி வெயிலில் வெற்றிலை மண்டி சவரிராயன் வந்தார். பின்னறையில் பாறை இடுக்கு எப்போதும் கசியும். தங்கையன் அதைப் பாய் மாட்டி மறைத்திருந்தான். சவரிராயன் நேரே போய்ப் பாயைத்தான் விலக்கினார்.

"ஈரம் வேறயா! ஏம்மா, கடன் நின்னுபோச்சுன்னா மலையையா ஏலம் விடுறது? மேல இருக்கற புள்ளையாரு எம்மேல கேஸ் போட்டுட மாட்டாரு?"

"உங்க அந்தோணியாரை வக்கீலா வச்சுக்குங்க, முதலாளி."

சிரித்தார், ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டார். தங்கையன் தலையைத் தொங்கப் போட்டான்.

"வந்தவங்க சும்மா போகக் கூடாது" என்று வீரம்மாள் பாறை இடுக்கிலிருந்து வெற்றிலையை உருவிக் கொடுத்தாள். காம்பைக் கிள்ளிய சவரிராயன் நின்றுவிட்டார்.

"காலையில வாங்கினதா?"

"சனிக்கிழமை வாங்கினது. இன்னிக்குச் செவ்வாய்."

"எம் மண்டியில நேத்து வந்த கட்டே வெந்து கெடக்கு, தெரியுமா?"

திரும்பப் பின்னறைக்குப் போய்ப் பாறையில் உள்ளங்கையை வைத்தார். எடுக்க மனசில்லாமல் நின்றார். வீரம்மாள் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"வட்டி வேணாம்மா. கடன் தீர்ற மட்டும் இந்த அறையை எனக்கு ஒத்திக்கு விடு. வெத்தலையை இங்க வச்சுக்கறேன்."

"விடறேங்க. ஆனா கூடை வர்றதும் போறதும் எங்க வண்டியிலதான். கூலி தனி."

"வண்டியே இன்னும் வாங்கலையேம்மா!"

"அதுக்குத்தானே நீங்க பணம் குடுக்கறீங்க?"

தங்கையன் வாய்விட்டுச் சிரித்து வெகுநாளாயிற்று. அன்று சிரித்தான்.

பத்திரம் எழுதுகிறவர் நாலு எல்லை கேட்டார். "வடக்கே யாரு?"

"பாறைன்னு எழுதுங்க" என்று சவரிராயனே சொன்னார்.

வண்டி வந்த அன்று வீரம்மாள் அந்தப் பாயைக் கழற்றி, கூடைகளுக்கு அடியில் விரித்தாள்.