எல்லைக் காட்டிலிருந்து வந்த பெட்டி

இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு, ஒரு துண்டில் முடிந்து எடுத்துவரக்கூடிய எலும்புதானே என்று அமுதவள்ளி நினைத்துக்கொண்டாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. கிள்ளான் நகரத்து வீட்டு ஹாலில், தேசியக் கொடி போர்த்திய பெட்டியைச் சுற்றிப் போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்றார்கள். தலைமாட்டில் கமலநாதனின் படம். சீருடையில், இருபத்தாறு வயதில்.

மாலை வைத்துவிட்டுத் திரும்பிய இளம் இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டான்.

"உங்க மகனா ஆன்டி?"

"வீட்டுக்காரரு."

அவன் முகம் சிவந்துவிட்டது. "சோரி ஆன்டி, சோரி."

"பரவால்ல தம்பி," என்றாள் நாத்தனார் புஷ்பவல்லி. "நான் அவருக்குத் தங்கச்சி. என்னை யாருன்னு கேட்டிருப்பியோ!"

பெண்கள் சிலர் சிரிப்பை அடக்கத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

கல்யாணமாகி அவளும் கமலநாதனும் பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் குவார்ட்டர்ஸில் மூன்று மாதம் வாழ்ந்தார்கள். அவருக்கு அட்டை என்றால் பயம். காட்டுக்குப் போகுமுன் காலுறையில் புகையிலைத் தூளைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணு கடிச்சாலும் ஓடி வந்துருவேன் லா," என்பார். எழுபத்தைந்தாம் வருஷம், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த தாய்லாந்து எல்லைக் காட்டில், கண்ணிவெடியில் விழுந்த கூட்டாளியைத் தூக்க அவர்தான் முதலில் ஓடினார். பக்கத்திலேயே இன்னொரு வெடி இருந்தது. கூட்டாளியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவரைக் கொண்டுவர முடியவில்லை.

பதக்கம் வந்தது. மாமியார் அதைத் தொடவில்லை.

"உடம்பைப் பாக்காம எம்புள்ள செத்தான்னு எவனும் சொல்லாதீங்க. நீ தாலியைக் கழட்டுனே, நான் தூக்குல தொங்கிருவேன்."

கழட்டிவிடட்டுமா என்று அமுதவள்ளி பல முறை கேட்டுப் பார்த்தாள். பிறகு, ரயில்வே ஆபீஸில் உடன் வேலை பார்த்த ஒருவர் தயங்கித் தயங்கிப் பேச வந்தபோது, ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை எடுத்து வெளியே போட்டாள். அதன் பிறகு அவர் பேசவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பின்னும் அது கழுத்திலேயே கிடந்தது. யாரைக் கேட்டுக் கழட்டுவது?

போன வருஷம் மலைச்சரிவில் மரம் வெட்டப் போனவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். புஷ்பவல்லியின் எச்சிலை எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்த்தார்கள். அதற்குப் பெண்டாட்டி தேவைப்படவில்லை.

"நேரமாச்சு," என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம். "அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிருங்க."

பெண்கள் எழுந்து, ஒரு சேலையை விரித்துச் சுற்றிலும் மறைப்புப் பிடித்தார்கள். உள்ளே ஒரு பலகை. தட்டில் கண்ணாடி வளையல், மல்லிகை, குங்குமம். எல்லாவற்றையும் அவளுக்குக் கடைசியாக ஒருமுறை போட்டுவிட்டு, தாலியோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள்.

"உக்காருங்க அண்ணி," என்றாள் புஷ்பவல்லி. "அண்ணன் இப்பத்தான் வந்திருக்கு. முறையா அனுப்பி வைப்போம்."

அமுதவள்ளி நின்றுகொண்டே இருந்தாள்.

"கழட்டுறேன்னு அன்னைக்குக் கேட்டேனே புஷ்பா. நீயும் பக்கத்துலதான் நின்னே."

"அது அம்மா பேசுனது அண்ணி. நான் என்ன பண்ண முடியும்? இப்ப வெளிய அத்தனை பேரு இருக்காங்க. என்ன நினைப்பாங்க?"

"நான் உக்காரல."

குரல் உயரவில்லை. வெளியிலிருந்து பண்டாரம், "ஆச்சாம்மா?" என்றார். மறைப்புப் பிடித்திருந்தவர்களின் கைகள் மெல்லத் தாழ்ந்தன.

அமுதவள்ளி அருகில் நின்றவளிடமிருந்து சேலையின் முனையை வாங்கி மடிக்கத் தொடங்கினாள். மறுமுனையைப் பிடித்திருந்தவள், பழக்கத்தில், எதிரே வந்து மூலையோடு மூலையைச் சேர்த்தாள்.